சிவப்புப் புள்ளி வைத்த எட்டு போல்ட்டுகள்

அம்பத்தூர் எஸ்டேட்,
7.10.2025, செவ்வாய், மதியச் சாப்பாட்டு வேளை.

அன்புள்ள சௌம்யா அப்பாவுக்கு,

ஷோபனா எழுதுவது. ஐயப்பன்தாங்கலில் நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து உங்கள் போன் கிடைக்கவில்லை. இமாசலத்தில் மண் சரிந்து டவர் போய்விட்டது, பாதை மட்டும் திறந்திருக்கிறது என்றார்கள். எங்கள் பட்டறை நிர்மல் நாளைக் காலை விமானத்தில் கிளம்பி வியாழன் மாலை உங்கள் மின்நிலையத்துக்கு வந்துவிடுவான். வந்ததும், இந்தக் கடிதத்தை ஒளித்து வைத்த முறுக்கு டப்பாவை உங்கள் கையில் கொடுத்து அங்கேயே திறக்கச் சொல்ல வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். படித்து முடிக்காமல் முறுக்கைத் தொடாதீர்கள்.

வரும் வெள்ளிக்கிழமை குழாயில் தண்ணீர் விடக் கூடாது. குழாய்க்குள் ஆள் இறங்கும் வழியின் மூடிக்கு நாங்கள் அனுப்பிய இருபத்துநான்கு போல்ட்டில் ஐந்து, விரிசல் விட்டவை.

முப்பத்திரண்டு செய்தோம். சூடு காட்டிப் பதம் போட்டதில் எட்டு போல்ட்டின் மரையடியில் மயிரிழை விரிசல். சாயம் தடவிப் பார்த்து நான்தான் தள்ளினேன். தள்ளியதன் தலையில் சுத்தியலால் முத்திரை அடிக்க வேண்டும். அன்று ஆயுத பூஜை. சுத்தியல், முத்திரை எல்லாம் பூவும் பொட்டுமாகப் படத்தின் முன் உட்கார்ந்திருந்தன. பூஜையில் வைத்ததை எடுத்து அடிக்க மனம் வரவில்லை. சிவப்பு மார்க்கரால் புள்ளி வைத்தேன். பூஜை முடிந்து பட்டறையை மறுபடி திறக்கும்போது முத்திரை அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து, பெட்டி மூடும் முன்பே சான்றிதழிலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நான் கிளம்பிய பிறகு, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பட்டறை உதவியாள் அஞ்சலை முப்பத்திரண்டையும் ஒரே தட்டில் குவித்து எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்திருக்கிறாள். போன வெள்ளிக்கிழமை சௌம்யாவுக்குக் காய்ச்சல், நான் லீவு. அன்று அஞ்சலை எல்லாவற்றையும் துடைத்து, கணக்குக்கு இருபத்துநான்கைப் பெட்டியிலும் எட்டைத் தள்ளுபடித் தொட்டியிலும் போட்டாள். பெட்டி அன்றே விமானத்தில் உங்களுக்குக் கிளம்பிவிட்டது. நேற்று முத்திரை அடிக்கப் போனால் சிவப்புப் புள்ளியைக் காணோம்; அந்த எட்டைச் சோதித்தேன். ஐந்து நல்லவை. அஞ்சலையைக் கேட்டேன். "செவப்பா இருந்திச்சுக்கா, குங்குமம்னு நென்ச்சிகினு மண்ணெண்ண போட்டு தொட்ச்சிட்டேன்" என்று அழுதாள். அவளைத் திட்ட எனக்கு வாயில்லை.

முதலாளியிடம் சொன்னேன். நல்ல ஐந்தையும் கூடுதல் ஸ்பேர் என்று அனுப்பிவிடலாம், வெளியே தெரிந்தால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்கிறார். நிர்மல் கொண்டுவருவது அந்த ஐந்தைத்தான்; அவனுக்கும் ஸ்பேர் என்று மட்டும்தான் தெரியும். உங்கள் கம்பெனியின் தில்லி ஆபீசுக்கு நான்கு முறை போன் செய்தேன். தளத்தோடு அவர்களுக்கும் தொடர்பில்லையாம். பட்டறை லெட்டர்பேடில் முதலாளி கையெழுத்தோடு வந்தால்தான் நடவடிக்கை எடுப்பார்களாம். அவர் போட மாட்டார்.

தண்ணீரிலிருந்து கரண்ட் எடுக்கிறார் அப்பா என்றால் சௌம்யா நம்புவதில்லை. ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்கிறாயே, அப்பா மட்டும் தொடலாமா என்கிறாள். இருநூறு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் அது என்று அவளுக்குச் சொன்னேன். தண்ணீர் ஏறும்போது மூடிக்கு எதிரே நின்று கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது உங்கள் வேலை என்று ஞாயிற்றுக்கிழமை பெருமையாகச் சொன்னீர்களே.

உங்களை எனக்குத் தெரியும். உங்கள் தங்கை வளைகாப்பு வளையலை நான் ஆட்டோவில் விட்டுவந்தபோது நீங்கள் விட்டதாகச் சொல்லி உங்கள் அம்மாவிடம் ஏச்சு வாங்கினீர்கள். இப்போதும் என் வேலை போய்விடக் கூடாது, பெயர் கெடக் கூடாது என்று யாருக்கும் தெரியாமல் நீங்களே ஸ்பேனரோடு இறங்குவீர்கள். அது நடக்காது. எந்த ஐந்து என்று கண்ணுக்கும் தெரியாது, விரலுக்கும் தெரியாது. இருபத்துநான்கையும் கழற்றிச் சாயம் போட்டால்தான் தெரியும். அதற்கு வேலையை நிறுத்த வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும்.

உங்கள் எஞ்சினியர் கனிமொழி திருச்சிக்காரர்தானே. இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடுங்கள். நம் வீட்டுச் சமாசாரத்தைப் படித்தாலும் பரவாயில்லை, ஒரு பக்கத்தையும் கிழித்து வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வேறு வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

என்னைக் காப்பாற்றாதீர்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து சேருங்கள், அது போதும். எந்தச் சாமி பெயரால் சுத்தியலைத் தொடாமல் விட்டேனோ, அந்தச் சாமியே உங்களுக்குத் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஷோபனா கங்காதரன்,
தரப் பரிசோதகர்.

கனிமொழி அவர்களுக்கு: பெட்டியோடு வந்த சான்றிதழை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கையெழுத்துதான். இதை நம்புங்கள், அதை நம்பாதீர்கள்.