பெங்களூருக்கு எவ்வளவு போதும்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று பெண் பார்க்க வந்தபோது கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மகள் சலோமி, அவள் வீட்டுக்காரர் அருளானந்தம், பேத்தி ஜோவிதா, பையன் கிளாட்வின், அவன் அம்மா ஆக்சிலியா. திருமலைராயன்பட்டினத்து ஆக்சிலியாதான். என் மகன் டென்னிஸின் மறுவீட்டுப் பந்தியில் ஊருக்கெல்லாம் வஞ்சிரம் நடுத்துண்டு வைத்துவிட்டு, என் இலையில் வாலை வைத்தவள். இருபத்தாறு வருஷம் ஆகிறது. கை தவறியிருக்கும் என்பாள் சலோமி. இருக்கலாம்.

பையன் தங்கம். பெங்களூரில் எழுபதாயிரம் சம்பளம். ஜோவிதாவுக்குப் பிடித்துவிட்டது, காப்பித் தட்டை நீட்டியவள் திரும்ப வாங்க மறந்து நின்றாள். அருளானந்தம் போனைத் தடவிக்கொண்டே, "பெங்களூர்ல வசதியா இருக்க மாசம் லட்ச ரூவா வேணுமாம். நெட்ல போட்டிருக்கான்" என்றார். ஆக்சிலியா முகம் தொங்கிப்போயிற்று. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

9 மார்ச்

தவக்காலம். கறியும் இல்லை, கல்யாணப் பேச்சும் இல்லை. ஜோவிதா சோறும் சரியாகத் தின்பதில்லை.

27 ஏப்ரல்

கிளாட்வின் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டானாம். சுளையாக ஒரு லட்சம். போனில் அவனே சொன்னான். அருளானந்தம், "இப்ப ஒன்னரை ஆயிட்டு தம்பி" என்றார். வாடகை, தண்ணீர் லாரி, ஸ்கூல் ஃபீஸ்.

பிள்ளையே பிறக்கவில்லை, அதற்குள் ஃபீஸா? மூன்று மாதத்தில் அரை லட்சம் எப்படி ஏறும்? சலோமி ஏன் நிமிர்ந்தே பார்க்கவில்லை?

18 மே

மாடியில் டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஒரே தூசி. மாடி கட்டிய லோனுக்கு ஜோவிதா சம்பளத்தில்தான் தவணை போகிறது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள், அறுபதாயிரம். வந்த மறுநாளே அப்பன் கணக்குக்குப் போய்விடும்.

மாடி ஏற எனக்கு முழங்கால் இல்லை. ஆனாலும் கீழே உட்கார்ந்தே விளங்கிவிட்டது. அட பாவி மனுஷா — இது பெங்களூர் கணக்கே இல்லையே.

22 ஜூன்

முடிவாகக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று ஆக்சிலியாவும் பையனும் வந்தார்கள். அருளானந்தம் போனை எடுத்தார். "இப்ப நெலவரம் என்னன்னா, ரெண்டு லட்சம்..."

எனக்குப் பொறுக்கவில்லை. "மாப்ளே, பொண்ணு பாக்க வந்தன்னைக்கு லட்சம்னீங்க. ஈஸ்டர் கழிச்சு ஒன்னரைன்னீங்க. வெலவாசி பெங்களூர்ல ஏறுதா, நம்ம மாடியில ஏறுதா?"

டைல்ஸ்காரன்கூடத் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

"பையனுக்கு லட்சம், பொண்ணுக்கு அறுபதாயிரம். அவ காச ஏன் யாரும் சேத்துச் சொல்ல மாட்டேங்குறீங்க?" என்று மறுபடியும் கேட்டேன்.

"லோனுக்கு நான் எங்க போவேன் அத்தை?" என்றார். ஐந்து மாதத்தில் இன்றுதான் மனுஷன் உண்மை பேசினார்.

"மாடிய வாடகைக்கு விடுங்க. கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கு வேலைக்கு வந்தவனுங்க வீடு கெடைக்காம அலையிறானுங்க."

ஜோவிதா மெதுவாக, "ஒரு வருஷத்துக்குப் பாதித் தவணை நான் அனுப்புறேன்ப்பா" என்றாள். கிளாட்வின் தலையாட்டினான். சொல்லி வைத்துக்கொண்டதுபோல் இருந்தது. திருட்டுக் கழுதைகள்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

கோயிலில் ஜோவிதாவின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது, சலோமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். என்ன பயமோ.

14 செப்டம்பர்

கல்யாணம் புதன்கிழமை முடிந்தது. இன்று ஆக்சிலியா வீட்டில் விருந்து. அருளானந்தம் மருமகனிடம், "லட்சத்து அறுபது தாராளம் தம்பி, மிச்சமே புடிக்கலாம்" என்று நெட்டில் பார்த்தவர்போலச் சொன்னார். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. சரி, போகட்டும், மன்னித்துவிட்டேன்.

ஆக்சிலியா தானே வந்து என் இலையில் வஞ்சிரம் நடுத்துண்டு வைத்தாள். ஒன்றல்ல, இரண்டு. காதருகே குனிந்து, "பெரியம்மா, டென்னிஸ் பந்தியில ஒங்களுக்கு வால வச்சேன்ல... அதுக்குத்தான் இது" என்றாள்.

அப்படியென்றால் கை தவறவில்லை. தெரிந்தேதான் வைத்திருக்கிறாள். நான்தான் இத்தனை வருஷமாக இருக்கலாம், இருக்கலாம் என்று இருந்திருக்கிறேன்.

மீன் நன்றாகத்தான் இருந்தது. இரண்டையும் தின்றேன். லோன் போட்ட மாப்பிள்ளையையே மன்னித்தாயிற்று. செத்தாலும் மன்னிக்கப்போவதில்லை என்று ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

ஆக்சிலியா.