ஜொகூரில் வாய்ப்பூட்டு

வியாழன், 3 ஜூன் 1982

காலையிலிருந்து தூறல். தேக்கா மார்க்கெட்டில் வாங்கியது: மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, பிலோவுக்கு ரப்பர் செருப்பு. பேப்பர் வாங்கவில்லை. கொண்டுவரக் கூடாதாம்.

எங்கள் மாதா கோவில் ஆட்கள் இருபது பேர் நாளைக்குச் சிங்கப்பூர் எல்லை தாண்டி ஜொகூர் கடற்கரைக்குத் தியானம் போகிறோம். அங்கே கரண்ட் கிடையாது. டிவி, ரேடியோ, டெலிபோன் கிடையாது. பேச்சும் கிடையாது! ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆரோக்கியம், உனக்குத்தான்யா பெரிய சோதனை. பேசணும்னு தோணுச்சுன்னா நோட்டுல எழுதிக்க" என்றார். அதான் இந்த நோட்டு. மூணாங்கிளாஸ் படிப்புக்கு நாற்பது பக்கம் ரொம்ப ஜாஸ்தி.

என் சம்சாரம் பிலோ என்னோடு பேசிப் பதினொரு நாள். மகள் நிச்சயதார்த்தம், ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் முப்பது பேர். திருச்சியிலிருந்து பிலோவின் அண்ணன் போன மாதம் டிரங்க் கால் போட்டிருந்தார். ஒன்பது வருஷம் கழித்து அவர் குரல், மூன்றே நிமிஷம். இவள் கத்திய கத்தல், "சாப்பிட்டீங்களாண்ணே? சாப்பிட்டீங்களாண்ணே?" ஏழு தடவை. லைன் கட். அதை அப்படியே நடித்துக் காட்டினேன், முந்தானையை இழுத்துச் செருகுவது உட்பட. சம்பந்தியம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிலோ அடுப்படிக்குப் போனாள். அன்றோடு சரி.

தியானத்துக்கு வருகிறாயா என்று கேட்டேன். பையை எடுத்துத் துணி அடுக்கினாள். அதுதான் பதில்.

வெள்ளி, 4 ஜூன்

நல்ல வெயில். அங்கே போய்ச் சேரும்வரை பேசலாம் என்று ஃபாதர் அனுமதி. வழி முழுக்கப் பேசினேன். பிலோ ஜன்னலைப் பார்த்தபடி. பின் சீட்டிலிருந்து சவரி, என்கூடக் கப்பல் பட்டறையில் வேலை செய்பவன், நிச்சயதார்த்தத்துக்கும் வந்திருந்தவன்:

"என்னண்ணே, அண்ணி இப்பவே மௌனத்த ஆரம்பிச்சிட்டாங்க லா!"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான். ஆனால் சுருக்கென்றது.

பலகை வீடு, கிணறு, அரிக்கேன் விளக்கு. ஃபாதர் பிஸ்கட் டின்னை நீட்டி எல்லோர் கைக்கடிகாரத்தையும் வாங்கிக்கொண்டார். சவரி சட்டைக்குள் சின்ன ரேடியோ. அதுவும் டின்னுக்கு. பிறகு மணி அடித்தார். வாய்ப்பூட்டு.

மத்தியானம் கஞ்சி, சுட்ட கருவாடு, துவையல். அமிர்தம். சொல்லத்தான் வழியில்லை.

சனி, 5 ஜூன்

எத்தனை மணியென்று தெரியாது. வெயில் கிணற்றுச் சுவரில் ஏறியதும் வேலை. நான் தண்ணீர் இறைக்க, பிலோ அண்டாவில் ஊற்ற. கிட்டத்தில் நிற்கிறாள், மன்னிப்புக் கேட்க இதைவிட நேரம் ஏது? பேசக் கூடாது. பூசையில் பாவ அறிக்கைக்குச் செய்வது போல நெஞ்சில் தட்டினேன். என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே. மூன்றாவது தட்டு கொஞ்சம் பலம், முழங்காலும் மடங்கியது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பிலோ வாளியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சத்தியமாக மனசாரக் கேட்டேன். இந்த உடம்புக்குக் கூத்து மட்டும்தான் தெரிகிறது. முப்பது பேர் முன்னால் ஒரு தடவை, இருபது பேர் முன்னால் இன்னொரு தடவை.

சாயங்காலம். கடலில் அலையே இல்லை. பிலோ மணலில் உட்கார்ந்திருந்தாள். பத்தடி தள்ளி உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா. என் ஐம்பது வயசில் அப்படி இருந்ததில்லை.

யோசித்தேன். அங்கே அண்ணன், இங்கே இவள், நடுவில் ஒரே இரைச்சல். ஒன்பது வருஷத்துக் கேள்வி எல்லாம் தொண்டையில். வெளியே வந்தது அந்தச் 'சாப்பிட்டீங்களாண்ணே' ஒன்றுதான். இதில் சிரிக்க என்ன இருந்தது?

ஞாயிறு, 6 ஜூன்

மேகமூட்டம். பூசை முடிந்து மௌனமும் முடிந்தது. சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் எழுந்திருக்கலாம் என்றார் ஃபாதர். எழுந்தேன். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் சிரிப்பு.

"டெலிபோன் கதையாண்ணே?" சவரிதான்.

"ஆமா."

இன்னும் பெரிய சிரிப்பு. அடங்கும்வரை நின்றேன்.

"என் சம்சாரத்த அழ வச்சு மத்தவங்கள சிரிக்க வச்சேன். தப்பு. பிலோ, என்ன மன்னிச்சிடும்மா."

கையை ஆட்டவில்லை. உட்கார்ந்துவிட்டேன். பிலோ முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் உட்லண்ட்ஸ் எல்லை, குடிநுழைவில் பாஸ்போர்ட் காட்ட நீண்ட வரிசை. பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்தவள், அதை விடாமலே:

"அண்ணனுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணாங்கல்ல. பார்வை வந்துச்சான்னு கேக்கணும்னுதான் இருந்தேன்."

"ம்."

"அவரு கடைசி மக எப்படி இருப்பான்னுகூட எனக்குத் தெரியாது."

"ம்."

"என்ன வெறும் ம்? வாயையும் அந்த டின்னுலேயே போட்டுட்டு வந்துட்டீங்களா?"

கிண்டலுக்குப் பதில் கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். "நீ சொல்லு" என்றேன்.

சொன்னாள். ஆங் மோ கியோ வரை சொன்னாள். லிஃப்டில் சொன்னாள். வீடு வந்து குளித்தாயிற்று, டிவி போடவில்லை. அவள் கதையில் அண்ணனுக்கு இப்போதுதான் பன்னிரண்டு வயசு, சைக்கிளிலிருந்து விழுந்து கை முறிந்திருக்கிறது. இன்னும் நாற்பது வருஷக் கதை இருக்கிறது. கோப்பி ஆற்றிவிட்டாளாம், கூப்பிடுகிறாள்.