காகம் சேர்த்தி இல்லை

அக்டோபர் 12, 2025

மகள் யோகப்பிரியா பெங்களூரிலிருந்து பறவைகளுக்குத் தீனி வைக்கிற பெட்டி ஒன்று அனுப்பியிருக்கிறாள். அம்மாவின் எருமையை நான் விற்றதிலிருந்து கட்டுத்தரை சும்மாதான் கிடக்கிறது. அங்கே தொங்கவிட்டுக் கம்பு போட்டேன்.

"நெல்லு காயப்போட்டாக் குருவிய முடுக்குவீங்க. இப்ப வெத்தலபாக்கு வெச்சுக் கூப்புடறீங்களாக்கும்?" என்றாள் பொன்னாத்தாள். என் மனைவிக்கு இயற்கை ஆர்வம் என்றால் என்னவென்றே தெரியாது.

அக்டோபர் 26

அடைமழை. தவிட்டுக்குருவி ஏழு, மைனா நான்கு, காகம் இருபது. கொழிஞ்சாம்பாறைப் பறவை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'காக்கா எல்லா ஊட்டுக்கும் வருமுங்க' என்று ஒருவர் பதில். என்ன ஒரு அவமானம்! இனிமேல் காகம் சேர்த்தி இல்லை.

நவம்பர் 9

உண்டிவில் செய்தேன். ஐம்பத்தெட்டு வயதிலும் குறி தப்பவில்லை.

டிசம்பர் 21

மார்கழிப் பனியில், எங்கிருந்தோ வலசை வருகிற ஆறுமணிக்குருவி வந்தது! குழுவில் நாற்பத்தொரு கைதட்டல். காகம் ஒன்றுகூட இல்லை. "காக்காய்க்கு நெனப்பு சாஸ்திங்க. உங்க மூஞ்சிய மறக்காது," என்றாள் பொன்னாத்தாள். பொறாமை.

ஜனவரி 18, 2026

அம்மா போனபிறகு முதல் தை அமாவாசை. படையல் சோற்றை இலையில் எடுத்துப்போய் "கா... கா..." என்றேன். தென்னையில் இருந்த ஐந்தாறும் என்னைக் கண்டதும் பறந்துவிட்டன. மணி ஒன்று. இரண்டு. இரண்டரை. காகம் தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. பொன்னாத்தாளுக்குச் சர்க்கரை வேறு. பசி தாங்கமாட்டாள்.

"நீ சாப்புடு."

"அத்தை சாப்புடாம நானெப்புடீங்க?"

எருமையை விற்ற நாளிலிருந்து அம்மா என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. போகிறவரைக்கும் வாங்கவில்லை. இப்போதும் அப்படித்தானா? கூச்சநாச்சம் பார்க்காமல் தென்னையைப் பார்த்துக் கத்தினேன்: "எருமைய வித்தது தப்புத்தானம்மா! வந்து சாப்புடு!"

"அத்தைக்குக் கோவமில்லீங்க. காக்காய்க்குத்தான் கோவம். நீங்க கண்ணுல படாம இருங்க," என்றாள் பொன்னாத்தாள்.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். பெற்ற மகன்! அவள் இலையைக் கிணற்றுமேட்டில் வைத்தாள். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். ஒன்றே ஒன்று இறங்கியது. என் பக்கம் ஒருதரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சோற்றில் வாய் வைத்தது. அழுதுவிட்டேன்.

சாப்பிட்டு முடித்து, உண்டிவில்லை வெந்நீர் அடுப்பில் போட்டேன். குழுவில் இன்றைய பட்டியல்:

காகம் — ஒன்று.