பன்னிரண்டு படிக்குக் கைப்பிடி

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. வீட்டுப் படிக்கட்டை அளந்தேன். பன்னிரண்டு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெட்டவெளி. பால் காய்ச்சிக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது.

செவ்வாயில் வேலை தொடங்கினால் என் வீட்டுக்காரி ராஜாத்தி சத்தம் போடுவாள். இன்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அளந்து முடித்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றாள்.

மகள் கவிதாவை வளைகாப்பு முடித்துப் பிரசவத்துக்கு இங்கே கூட்டி வந்தோம். ஏழு மாதம். மழை வருகிறதென்று மாடித் துணியை எடுக்கப் போனவள், இறங்கும்போது ஏழாவது படியில் வழுக்கி, சுவர் இல்லாத பக்கம் விழுந்தாள். பிடிக்க ஒன்றும் இல்லை. பிள்ளை தங்கவில்லை. இன்றோடு இருபத்திரண்டு நாள்.

போடியில் பாதி மாடிவீட்டுக்குக் கைப்பிடி செய்தவன் நான். என் வீட்டுக்கு மட்டும் அடுத்த மாசம், அடுத்த மாசம்.

மாப்பிள்ளை போன். "அடுத்த வியாழக்கிழம ஜீப்பக் கொண்டாந்து கூட்டிட்டுப் போயிர்றேன் மாமா." அதற்குள் முடிக்க வேண்டும்.

5, புதன்

பட்டறையில் தேடினேன். ஒவ்வொரு வீட்டு வேலையிலும், ஒன்று உடைந்தால் இருக்கட்டும் என்று கைப்பிடியைத் தாங்கும் கால் ஒன்றிரண்டு கூடுதலாகக் கடைந்து வைப்பது வழக்கம். அப்படி மிஞ்சியது பதினாலு. ஒன்றுபோல் ஒன்று இல்லை. போகட்டும். நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மேலே போடும் நீளக் கட்டை இல்லை. மெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் காற்றுக்குச் சாய்ந்த பலா அறுத்துக் கிடக்கிறது என்றார்கள். ஜீப்பில் போனேன். நல்ல மரம். பச்சை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் மலையாளத்துக்காரர் சொன்னார்: "ஆசாரியே, இவிட வச்சுட்டுப் போ. காய் ஒரு நாள்ல உணங்குது. மரம் உணங்காதா?"

வைத்துவிட்டு வந்தேன்.

6, வியாழன்

தூறல் இல்லை. கால்களை ஒரே உயரத்துக்கு அறுத்தேன். படியில் துளை போடச் சுத்தியல் எடுத்தேன். நாலு அடி. கவிதா அறைக்கதவு சாத்திக்கொண்டது. சத்தமில்லாமல், மெதுவாக. சுத்தியலை வைத்துவிட்டேன். கையால் திருகும் துளைக்கருவி. நேரம் மூன்று மடங்கு.

குழாயடியில் ஒருத்தி: "இப்பத்தான் செய்றாராக்கும்." இன்னொருத்தி: "சும்மாருடி, காதுல விழுகும்." விழுந்தது.

கோபம் வரவில்லை. சொன்னதில் தப்பில்லையே.

7, வெள்ளி

ஸ்டோருக்குப் போனேன். பலா நுனியிலிருந்து அடிவரை பிளந்து, முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஏலக்காய் வாசம் வேறு. மலையாளத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரை என்ன சொல்ல? முப்பது வருஷம் மரம் தொட்டவன் நான். பச்சை மரத்தைச் சூட்டில் வைத்தால் வெடிக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வியாழக்கிழமை ஒன்றுதான் கண்ணில் நின்றது. விறகுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது ஜீப்பில் காய் எடுத்துவிட்டு இறங்கும் பெண்கள். "இந்த வருசம் மழ நல்லாப் பிடிச்சிருச்சுடீ." சிரிப்பு. எனக்கும் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்கள். தின்றேன். ருசி தெரியவில்லை.

அழுகையும் வரவில்லை இதுவரை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

8, சனி

எங்கள் கல்யாணக் கட்டிலைப் பிரித்தேன். தேக்கு. நீளச் சட்டம் இரண்டு, ஒவ்வொன்றும் ஆறேகால் அடி. காய்ந்து இரும்பாக இருக்கிறது. ராஜாத்தியிடம் கேட்டேன். "எடுத்துக்கங்க," என்றாள். மெத்தையைச் சுருட்டி மூலையில் சாய்த்தாள். பிறகு அடுப்படியில் போய் வெங்காயம் உரித்தாள்.

வாங்க வேண்டியது: திருகாணி 2 அங்குலம், உப்புத்தாள் (80, 120, 220), பஞ்சு, ராஜாத்திக்கு முதுகுவலி மாத்திரை.

9, ஞாயிறு

இரண்டு சட்டத்தையும் இணைத்தேன். இணைப்பு சரியாக ஏழாவது படிக்கு மேலே வருகிறது. பலத்துக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஒரு பக்கம் அறுத்து, ஒட்டுப்போட்டு, ஆறாவது படிக்குத் தள்ளினேன். அரை நாள் சோலி.

மத்தியானம் கவிதா வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். "சாப்டியாத்தா?" என்றேன். "சாப்டேன்," என்றாள். இந்த ஒரு மாதத்தில் எங்கள் பேச்சு இவ்வளவுதான். திட்டினால்கூடப் போதும். ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிவிட்டுப் போகட்டும்.

10, திங்கள்

இழைப்பு. சதுரமாக இருந்ததை உள்ளங்கைக்கு அடங்கும்படி உருட்டினேன். கவிதாவின் கை சின்னது. வழக்கத்தைவிட அரை விரல் ஒல்லி.

பிறகு உப்புத்தாள். தேய்த்து முடித்து, பஞ்சை வைத்து மேலிருந்து கீழே ஓட்டிப் பார்ப்பேன். எங்கே நார் சிக்குகிறதோ அங்கே மறுபடி தேய்ப்பு. எட்டு இடம். பிறகு மூன்று. பிறகு ஒன்றும் இல்லை. இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன்.

இடுப்பு விட்டுப்போச்சு.

11, செவ்வாய்

பாலிஷ். ஈரக் காற்றில் வெள்ளை பூத்துவிட்டது. துடைத்து, கரியடுப்பைத் தள்ளி வைத்து, அந்த அனலில் மறுபடி. மூன்று பூச்சு. இந்தத் தடவை அடுப்புப் பக்கத்தை விட்டு நகரவில்லை.

என் தப்புதான். எழுத வருகிறது. சொல்ல நினைத்து அறைக்கதவுக்கு முன்னால் இரண்டு தடவை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன்.

12, புதன்

மாட்டியாகிவிட்டது. அடியில் தூண், பதினாலு கால், மேலே கைப்பிடி. என் முழுப் பாரத்தையும் போட்டு ஆட்டினேன். அசையவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "ஒவ்வொண்ணும் ஒரு தினுசா, அம்சமா இருக்கப்பா," என்றார். உள்ளே போய்விட்டேன்.

கவிதா வந்து பார்க்கவில்லை.

13, வியாழன்

வெயில். ஒன்பது மணிக்கு மாப்பிள்ளை வந்தார். "வெரசாக் கிளம்பணும் மாமா, மேல லோடு இருக்கு."

கவிதாவின் இரண்டு சேலை மாடியில் கிடந்தது. ராஜாத்தி எடுக்கப் போனாள். "நான் எடுத்துக்கிறேம்மா," என்று அவளே எழுந்தாள். அன்றைக்குப் பிறகு முதல் தடவை. ஏறும்போது சுவரோரமாகவே ஏறினாள். நான் அடியில் நின்றேன். இறங்கும்போது சேலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். ஒவ்வொரு படியாக. ஏழாவதில் கொஞ்சம் நின்றாள். என் கை தன்னால் நீண்டது. அவள் பார்க்கவில்லை.

கடைசிப் படியில் நின்று, தூணைத் தடவிப் பார்த்தாள்.

"எத்தன நாள்ப்பா ஆச்சு, இதச் செய்ய?"

பேசிவிட்டாளே என்று அவசர அவசரமாகச் சொன்னேன். "ஒம்போது நாளுத்தா. கட்ட வெடிச்சதுல ரெண்டு நாள் வீணாப்போச்சு. இல்லன்னா ஏழுதான்."

"ஏழே நாளு," என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.