பிரம்மபூருக்குப் போய்ச் சேராத படம்

நவம்பர் 14, செவ்வாய்

படம் போய்ச் சேரவில்லை. சொன்னவர் ஒரிசா, பிரம்மபூர் நிருபர் மொகந்தி. காலை 10 மணிக்குத் தொலைபேசியில். நான் மின்னஞ்சலில் அனுப்பிய செய்தி வந்திருக்கிறது. படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிப் பெட்டி, மூலையில் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. படம் இல்லாமல் அவர்கள் பத்திரிகையில் போட மாட்டார்களாம். "சாபித்ரி என்ற பெயரில் இங்கே தெருவுக்கு இருவர் உண்டு."

மழை விட்டுவிட்டது. தெருவில் சேறு.

சாபித்ரி: வயது நாற்பதுக்குள். போன வாரம் எங்கள் ஊர் ஜங்ஷனில் ரயிலிலிருந்து தண்ணீர் பிடிக்க இறங்கியவர்; வண்டி கிளம்பிவிட்டது. தமிழ் தெரியாது. ரயில்வே போலீசிடம் சொல்லிவிட்டு, பீங்கான் பட்டறை வைத்திருக்கும் கஸ்தூரி தன் வீட்டில் தங்க வைத்திருக்கிறார். பேச்சு ஒரியா என்று கண்டுபிடித்தது பிரவுசிங் சென்டர் பஷீர் பாய். துபாயில் அவருடைய அறையில் இரண்டு ஒரிசாக்காரர்கள் இருந்தார்களாம். பெயரும் ஊரும் கிடைத்தது அவரால்தான். தெரு, தொலைபேசி எண் எதுவும் அந்த அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரயில்வே எஸ்.ஐ. சனிக்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். அன்று காலை 10 மணிக்குக் காப்பகத்துக்கு வேன். போனால் வேறு மாவட்டம், வேறு கோப்பு. அப்படிப் போனவர்களைப் பிறகு தேடிப் பார்த்திருக்கிறேன். கிடைத்ததில்லை.

மூக்குக் கண்ணாடி திருகாணி போட வேண்டும்.

நவம்பர் 15, புதன்

மீண்டும் அனுப்பினேன். மீண்டும் பெருக்கல் குறி. தகவல்: மொகந்தி, மதியம்.

புரியவில்லை. அனுப்பிய பிறகு, 'அனுப்பியவை' பகுதியைத் திறந்து நேற்றும் பார்த்தேன், இன்றும் பார்த்தேன். முகம் தெளிவாக இருக்கிறது. ஸ்டுடியோக்காரர் பிளாப்பியில் போட்டுக் கொடுத்த அதே படம்.

செய்து பார்த்தவை: படத்தைச் சிறிதாக்கினேன். கோப்பின் பெயரை மாற்றினேன். பஷீர் பாய் இணைப்பைத் துண்டித்து மறுபடி போட்டார். பலன் இல்லை.

பஷீர் பாய் வழக்கம்போலத் திரையைத் துணியால் துடைத்தபடி: "கோளாறு அந்தப் பக்கம் சார். நம்ம பக்கம்தான் பளிச்சுனு தெரியுதே."

மாலை பட்டறைக்குப் போனேன். கார்த்திகை வருகிறது, அகல் விளக்கு வேலை மும்முரம். சாபித்ரி விளக்குகளின் விளிம்பை ஈரத்துணியால் ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். கை முழுக்க வெள்ளை மண்.

"சும்மா உட்காருன்னா கேக்க மாட்டேங்குது சார். ஆனா சோறுதான் எறங்க மாட்டேங்குது. ரயிலு கூவுனா போதும், வாசலுக்கு ஓடுது" என்றார் கஸ்தூரி. "உங்க படம் எப்பதான் போவும்?"



நவம்பர் 16, வியாழன்

காரணம் தெரிந்தது.

சென்டரில் வேறொருவர் தன் பிளாப்பியைப் போட வேண்டியிருந்தது. பஷீர் பாய் என்னுடையதை வெளியே எடுத்துக் கொடுத்தார். பிறகு நான் மொகந்திக்கு அனுப்பிய மின்கடிதத்தைத் திறந்தேன். காலிப் பெட்டி. மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. மொகந்தி சொன்னது அப்படியே.

பிளாப்பியை மறுபடி உள்ளே போட்டால் முகம் வருகிறது. எடுத்தால் போய்விடுகிறது.

ஆக, கடிதத்தில் படம் போகவே இல்லை. படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டும் போயிருக்கிறது: 'ஏ டிரைவில் பார்', அதாவது பிளாப்பி போடும் இடத்தில். மொகந்தியின் கணினி தன் ஏ டிரைவில் தேடியிருக்கும். அங்கே என்ன இருக்கும்?

என் பங்கு: பத்திரிகைப் பக்கம் கட்டுகிற பழக்கத்தில் தலைப்பு, அதன் கீழ் படம், அதன் கீழ் அடையாளம் என்று கடிதத்துக்குள்ளேயே ஒட்டினேன். தனியாக இணைத்திருந்தால் போயிருக்கும். சரிபார்த்ததும் அனுப்பிய அதே கணினியில். ஒரே சாட்சியை இரண்டு தரம் விசாரித்துவிட்டு இரண்டு சாட்சி என்று எழுதியதற்குச் சமம்.

பஷீர் பாயின் பங்கு, அவர் வாயாலேயே: "நெட்டு மெதுவா இருக்குது, ஒரு மெயிலு போவ அரை மணி நேரம் ஆவுது, ஜனங்க கத்துறாங்க. அதான் படத்தையும் சேத்து அனுப்புங்கிற டிக்க எடுத்துவுட்டேன் சார். அப்புறம் ஸ்பீடு நல்லா இருந்துச்சு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மங்கலம்பேட்டைப் பொண்ணு ஒண்ணு, புள்ளையோட படத்த ரெண்டு மாசமா குவைத்துக்கு அனுப்பிக்கிட்டு இருக்குது. வரலன்றாரு புருஷன். அவரு பொய் சொல்றாரும்மான்னு நான்தான் ஏத்திவுட்டேன்."

டிக்கைத் திருப்பிப் போட்டார். படத்தைத் தனி இணைப்பாக அனுப்பினோம். இம்முறை எங்கள் பத்திரிகையின் சென்னை அலுவலக நண்பருக்கும் ஒரு பிரதி. அவரைத் திறக்கச் சொல்லிப் போனிலேயே காத்திருந்தேன். "புடவையில் பூ போட்டிருக்கிறது, மூக்குத்தி இரண்டு பக்கமும்" என்றார். சரி.

மாலை மொகந்தி: வந்தது. நாளை இதழில்.

நவம்பர் 17, வெள்ளி

படம் வெளிவந்தது. மதியம் ஒருவர் செய்தித்தாளோடு மொகந்தியின் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். உறவு என்கிறார். வந்தவரின் படத்தை மொகந்தி அனுப்பினார். தனி இணைப்பாகத்தான்.

சாபித்ரியை சென்டருக்கு அழைத்து வந்தார் கஸ்தூரி. விளக்கு வேலையிலிருந்து அப்படியே. திரையில் அந்த முகம் வந்ததும் சாபித்ரி முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். இங்கே யார் முன்னாலும் அவர் அப்படிச் செய்ததில்லை.

கஸ்தூரி: "பயப்படுது சார். இவன்கூடலாம் நான் அனுப்ப மாட்டேன்."

பஷீர் பாய்: "படம் வரலன்னீங்க. வந்தா வேணாங்கிறீங்க."

கஸ்தூரி: "நீங்க திரையத் துடைங்க பாய்."

மொகந்தியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். வந்தவர் கணவனின் அண்ணன். அந்தப் பக்கத்தில் கணவனின் அண்ணன் முன்னால் பெண்கள் முகம் காட்டுவதில்லையாம். அதைவிட நல்ல அத்தாட்சி தேவையில்லை என்றார். எனக்கு இன்னொன்று வேண்டும் என்றேன். கணவர் படம் கேட்டேன்.

அதே வண்டியில் கூட வந்த கணவர் ஊருக்கே திரும்பவில்லையாம். திருச்சியில் தங்கி, வழியில் உள்ள நிலையங்களில் இறங்கி விசாரித்துக்கொண்டிருக்கிறார். மாலையில் வீட்டுக்குப் பேசுவார். சொல்லிவிடுவதாக அண்ணன் கூறியிருக்கிறார்.

5 மணிக்கு அடுத்த படம். வீட்டுச் சுவரிலிருந்து எடுத்து வந்தது: கணவர், பக்கத்தில் பள்ளி உடையில் ஒரு பெண் குழந்தை. மேலிருந்து வரி வரியாக இறங்கியது. முகம் முழுதாக வரும் முன்பே சாபித்ரியின் முந்தானை தோளுக்கு இறங்கிவிட்டது. குழந்தை முகத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு திரையில் ஐந்து விரலும் வெள்ளையாக. பஷீர் பாய் துணியை எடுத்தார், மடித்து வைத்துவிட்டார்.

நவம்பர் 18, சனி

வானம் மூட்டம். கணவர் காலை வண்டியில் திருச்சியில் ஏறிவிட்டார். தகவல்: மொகந்தி. வண்டி அரியலூரைத் தாண்டிவிட்டது, தாமதமாக வருகிறது. தகவல்: ஜங்ஷன் ஸ்டேஷன் மாஸ்டர்.

வேன் வந்து நிற்கிறது. எஸ்.ஐ. டிரைவரை டீ குடிக்க அனுப்பியிருக்கிறார். "மதியம் வரைக்கும் பொறுக்கிறேன் சார், அதுக்கு மேல என் கையில இல்ல."

பிளாட்பாரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கஸ்தூரி சாபித்ரிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். இட்லி வாங்கி வந்தோம், இரண்டு சாப்பிட்டார்.

நிலுவை: வண்டி. பதினொன்றே காலுக்கு எதிர்பார்க்கலாம் என்கிறார்கள்.