ஏழு என்ஜின், ஒரே எண்

ஜனவரி 11, ஞாயிறு

தபாலில் பெட்டி வந்து மூன்று நாளாகிறது. இன்றுதான் மனைவி ஆர்லீனிடம் சொன்னேன். பேஸ்மென்ட்டில் ஓட்டும் பொம்மை ரயிலை டிஜிட்டலுக்கு மாற்றப் போகிறேன்! ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் நகமளவு சில்லு, அதற்கென்று ஓர் எண். ரிமோட்டில் அந்த எண்ணைக் கூப்பிட்டால் அது மட்டும் அசையும். நினைத்தாலே கை பரபரக்கிறது.

அவள் கேட்டது ஒன்றுதான். "அப்ப என் பலகை?"

நானும் நண்பன் டுவேனும் ரயில் ஓட்ட, எந்தத் துண்டுத் தண்டவாளத்துக்கு எங்களில் யாருடைய கரண்ட் என்று அந்தப் பலகையின் முப்பத்தாறு சுவிட்சுகளை இருபத்திரண்டு வருடமாகத் தட்டிக்கொண்டிருப்பவள் அவள். "இனி தேவையில்ல, கழட்டிடலாம்" என்றேன், நல்ல சேதி சொல்வதுபோல. மடையன்.

ஜனவரி 14

வாஷிங் மெஷின் பேஸ்மென்ட்டில்தான் இருக்கிறது. துணி குவிந்து கிடக்கிறது. அவள் இறங்கவில்லை.

ஜனவரி 20

ஏழாவது சில்லும் பொருத்தியாயிற்று! இரும்புத்தாது இழுக்கும் கறுப்பு என்ஜினில் இடமே இல்லை. எடைக்கு வைத்த ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். ரிமோட்டைத் திருகினேன் — அது மட்டும் கிளம்பியது. கத்தியேவிட்டேன். மேலே சத்தமே இல்லை. இவ்வளவு சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்ய? சனிக்கிழமை டுவேன் வருகிறான். அவள் வருவாளா?

ஜனவரி 24, சனி

காப்பியோடு வந்தாள் — டுவேனுக்காக. நான் பெரிய ஆளாகக் காட்டிக்கொள்ளப் பார்த்தேன். "உனக்குப் பிடிச்ச நம்பர் சொல்லு, கறுப்புக்கு வெச்சிடறேன்" என்றேன் அவனிடம். சில்லில் எண் எழுதத் தனியாக ஒரு துண்டுத் தண்டவாளம் உண்டு. அவசரத்தில், ஏழு என்ஜின்களும் நிற்கிற பெரிய தண்டவாளத்திலேயே எழுதிவிட்டேன். ஏழும் அதே எண்ணை வாங்கிக்கொண்டன. திருகினேன். ஏழும் கிளம்பின!

"நார்ப், பாலத்துல ரெண்டு எதிரெதிரா வருது! நிறுத்துய்யா!" டுவேன் கத்துகிறான். எனக்கோ எந்தப் பொத்தான் என்றே தெரியவில்லை — தரையிலிருந்து நாலடி உயரம் அந்தப் பாலம் —

பட், பட். சாண் இடைவெளியில் இரண்டும் நின்றன.

ஆர்லீன். பலகையை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை. பாலத்தின் சுவிட்சுகளான பதினேழையும் பதினெட்டையும் பார்க்காமலே தட்டிக் கரண்டை நிறுத்தியிருக்கிறாள். "கழட்டிடலாம்னியே?"

டுவேன் விழுந்து விழுந்து சிரித்தான். "பலகை இருக்கட்டும் ஆர்லீன், இவன கழட்டிடலாம்."

ரிமோட்டை நீட்டினேன். "நீ ஓட்டுறியா?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவ கேட்டியா?"

கேட்டதில்லை. யாராவது பலகையில் உட்கார வேண்டியிருந்தது. அது நானாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

எண்களைச் சரிசெய்து கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு முப்பது தாதுப் பெட்டிகளைப் பாலத்தில் ஏற்றி இறக்கினாள். ஒன்றுகூடக் கவிழவில்லை!

ஜனவரி 25, ஞாயிறு

துணி துவைக்கப் போனவள் ஒன்றரை மணி நேரமாக மேலே வரவில்லை. மெஷின் எப்போதோ நின்றுவிட்டது. இறங்கிப் போனேன்.

"வந்துட்டியா? நான் ஓட்டுறேன். ஏதாவது முட்டப் போச்சுன்னா தட்டு" என்று பலகையைக் காட்டினாள்.

உட்கார்ந்தேன்.