கதவில் ஒட்டிய சின்ன எழுத்து

அன்புள்ள கிரஹாம்,

நானும் அப்பாவும் சுகம். அங்கே ஆல்பர்ட்டாவின் மைனஸ் நாற்பதில் நீயும் காது மூக்கு உறையாமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், இவர் தபால் நிலையம் வரைக்கும் காரில் போய்விட்டு வருகிறார். சிங்கி இறால் பருவம் இந்த முறை மந்தம், காற்று விடவே இல்லை, வாரத்தில் பாதி நாள் படகுகள் துறையிலேயே கட்டிக் கிடக்கின்றன.

உன்னோடு படித்த வெர்னன் சுரெட்டைப் பற்றி எழுத வேண்டும். அவன் மகள் ஓபல் இந்த வருடம் என் வகுப்பில் இருக்கிறாள், ஐந்து வயது, கெட்டிக்காரி. அவன் மனைவி செலெஸ்ட் இவர்களை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது, அப்பனும் பெண்ணும்தான். செப்டம்பரில் வந்தபோதே அவளுக்குப் பெரிய எழுத்து இருபத்தாறும் தெரியும், படகுகளில் எழுதியிருக்கும் பெயர்களைக் காட்டி அவன் சொல்லிக்கொடுத்தானாம். ஆனால் சின்ன எழுத்தைத் தொடவே மாட்டேன் என்றாள். பந்து படத்தைக் காட்டி முதல் சத்தம் என்ன என்று கேட்டால் பீ என்று எழுத்தின் பெயரைச் சொல்வாள், ப் என்ற சத்தம் வராது. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் குழந்தையும் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது. வீட்டில் பழக்கச் சொல்லி நான்கு சீட்டு எழுதி அனுப்பினேன், பதில் இல்லை. தலைமையாசிரியை மிஸஸ் கிரோவெல், இவளை இதே வகுப்பில் இன்னொரு வருடம் வைக்கலாமா என்று கேட்டார். அப்பனுக்கு அக்கறை இல்லை, வைக்கலாம் என்று நானும் சொல்லிவிட்டேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை பள்ளி மதியத்தோடு முடிந்தது. முந்தின வாரமே அதைக் கதவில் ஒட்டியிருந்தேன். மற்ற பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டார்கள், வெர்னன் போனை எடுக்கவில்லை, வழக்கம்போல மூன்று மணிக்கு ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றான். நான் சத்தம் போட்டுவிட்டேன். "கதவுல ஒட்டி ஒரு வாரம் ஆச்சு, பொண்ணு மூணு மணி நேரமா உக்காந்திருக்கா, உனக்குக் கண்ணு இல்லையா வெர்னன்?" அவன் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். ஓபல்தான் பதில் சொன்னாள். "எங்கப்பா நல்லா படிப்பாரு டீச்சர். நீங்கதான் குட்டி குட்டியா எழுதிட்டீங்க." அவன் கழுத்து வரை சிவந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை பழைய பதிவு அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். வெர்னன் என்னிடம் படித்த அந்த நாட்களில் நான் கிறிஸ்துமஸ் வரை பெரிய எழுத்து, அதற்குப் பிறகு சின்ன எழுத்தும் சத்தமும் என்று வைத்திருந்தேன். வெர்னன் ஜனவரியிலிருந்து ஈஸ்டர் வரை காது அறுவைக்காக வரவே இல்லை. எழுத்துகள் அனைத்தும் தெரியும் என்று குறி போட்டிருக்கிறது. கீழே என் கையெழுத்து.

சனிக்கிழமை துறைக்குப் போனேன், இறால் கூண்டு ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தான். ஓபலை அதே வகுப்பில் வைக்கும் பேச்சு இருக்கிறது, தப்பு என்னுடையது என்று சொல்லி அட்டையை நீட்டினேன், அவன் வாங்கவில்லை. "இருவத்தாறு வருஷம் ஓட்டிட்டேன் டீச்சர். என் பரீட்சையில பாதி உங்க கிரஹாம் எழுதினது, தெரியுமா?" என்றான். எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நான் எப்படியோ போறேன், ஓபல அதே வகுப்புல உக்கார வெச்சிடாதீங்க" என்றான். அப்படியானால் நீயும் அவளோடு வா என்றேன். ஊர் சிரிக்கும் என்றான். கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றேன்.

அதிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் மூன்றரைக்கு வருகிறான். குட்டி நாற்காலி அவனைத் தாங்காது, தரையில் உட்கார்ந்து மணல் தட்டை மடியில் வைத்துக்கொள்கிறான். முதலில் சத்தம், பிறகு விரலால் மணலில் சின்ன எழுத்து. ஓபல் விடுவதில்லை. "பீன்னு சொல்லாதப்பா, ப்! உதட்ட ஒட்டித் தெற." அப்பா எழுதுவதைப் பார்த்த பிறகுதான் அவளும் தொட்டாள். சின்ன பீ, டீ எழுதும்போது கோட்டுக்கு எந்தப் பக்கம் வயிறு வரும் என்று இருவருக்கும் இன்னும் சண்டை. நேற்று மூன்றெழுத்துச் சொற்கள் அவள் பதினொன்று படித்தாள், அவன் ஒன்பது. ஓபலை மேல் வகுப்புக்கு அனுப்பலாம் என்றும், அப்பனைப் பற்றி நான் முன்பு சொன்னது தவறு என்றும் மிஸஸ் கிரோவெலிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், என்ன காரணம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெர்னன் உனக்கு மட்டும் சொல்லச் சொன்னான், அதனால் எழுதுகிறேன், நீ யாரிடமும் சொல்லாதே. சம்பளம் நன்றாக வருகிறது என்று இரட்டை ஷிப்ட் பார்க்காதே, தூங்கு. காருக்குப் பனிக்கால டயர் மாற்றினாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன், இதற்காவது பதில் போடு. ஆண்டவர் உன்னை நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் வைத்திருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் இன்னொரு காற்று நாள் வந்துவிட்டது. இன்று வெர்னனோடு கர்டிஸ் கோர்ஹாமும் வந்தான், உனக்கு நான்கு வயது மூத்தவன். தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றான். "இவனும் சின்ன வயசுல உங்க வகுப்புதான் டீச்சர்" என்றான் வெர்னன். இன்னொரு தட்டில் மணல் கொட்டினேன்.